பூச்சிக்காரி

சாம்பாரில் கொத்தமல்லி தூக்கலாக இருக்கிறதே
என்றார் திம்மராயன்.
கொத்தமல்லி வாங்கியே பத்து நாளாகிறது.
கரண்டியை விட்டுத் துழாவினேன்.
முருங்கைக்காய்க்கு அடியில்
ஆறு காலும் மடங்க
மல்லாந்து கிடந்தது.

அவர் தட்டோடு எழுந்து போனார்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
அந்தக் காய்ச்சலோடு போன மூக்கு.
மூன்று வருஷம்.
பால் தீய்ந்தால் தெரியாது
கேஸ் கசிந்தால் தெரியாது
தர்ஷிகாவுக்குத் தலைவாரி
உச்சியில் மூக்கை வைத்தால்
கண்ணாடியை முகர்ந்த மாதிரி இருக்கும்.

ராயக்கோட்டையில் கார்த்திகைக் கடைசி.
மலைக்குக் கீழே அவரைக்காடு காயத் தொடங்கியதும்
இதுகளுக்கு வீடு வேண்டியிருக்கிறது.
டியூப்லைட் போட்டால் போதும்
கொசுவலையில் டப், டப்.
கதவிடுக்கு, காலண்டர் முதுகு,
பெருமாள் படத்துச் சட்டம்,
இஸ்திரி போட்ட யூனிபார்ம் மடிப்புக்குள் ஒன்று,
பள்ளிக்கூடம் வரைக்கும் போய்
பிரேயரில் பறந்ததாம்.

துடைப்பத்தால் அடித்துப் பார்த்தார்கள்.
செத்தது கையளவுகூட இல்லை
நாற்றம் மூன்று அறைக்கு.
வேப்பெண்ணெய் தெளித்தார்கள்,
இரண்டும் சேர்ந்து நாறியதாம்.
விளக்கை அணைத்துவிட்டு
செல்போன் வெளிச்சத்தில் சாப்பிட்டார்கள்,
செல்போன் மேல் வந்து உட்கார்ந்தது.
எதிர்வீட்டு முனிரத்னம்மா
தன் வீட்டு வாசல் விளக்கை அணைத்துவிட்டு
எங்கள் விளக்கைப் பார்த்துச் சிரித்தாள்.

நான்தான் ஒருநாள்
சும்மா விரலால் எடுத்தேன்.
ஊறுகாய் டப்பாவில் சோப்புத்தண்ணீர்.
ஒவ்வொன்றாக உள்ளே விட்டு மூடினேன்.
முகம் சுளிக்கவில்லை. எதற்குச் சுளிக்க?
அன்றிலிருந்து தெருவுக்கே பூச்சிக்காரி.

அக்கா, பீரோவுக்குள்ள.
அத்தை, பாப்பா தொட்டில்ல, சீக்கிரம்.
சாக்கடைத் தகராறில் நாலு வருஷமாய்ப் பேசாத கெம்பம்மா
ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து
சுவரைப் பார்த்துச் சொன்னாள்:
எங்க வீட்லயும்தான் இருக்குது.

மூக்கும் முழியுமா இருக்கிறவ,
முழி மட்டும்தான் வேலை செய்யுது
என்று முனிரத்னம்மா சொன்னால்
எல்லாரும் சிரிப்பார்கள்.
நானும்.
டப்பாவை எடுத்துக்கொண்டு
வீடு வீடாய்ப் போவது
எனக்குப் பிடித்திருந்தது என்று
யாரிடமும் சொல்லவில்லை.

கெம்பம்மா வீட்டுக் கடிகாரத்துக்குப் பின்னால்
கொழுத்த ஒன்று.
ஸ்டூல் மேல் ஏறி நகத்தால் நெம்பினேன்.
காலை உதறிக்கொண்டு
விரலில் எதையோ விட்டது.
எங்கேயோ ரொம்ப உள்ளே
ஊசி முனையளவு
பச்சையாய், காரமாய்,
அழுகின கொத்தமல்லிக் கட்டில்
மண்ணெண்ணெய் ஊற்றின மாதிரி

நாறியது.

கெடைச்சுதா? என்றாள் கீழிருந்து.
இருக்கு என்றேன்.
ஸ்டூலை விட்டு இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அன்றிரவு கை கழுவவில்லை.
காபித்தூள் டப்பாவைத் திறந்து பார்த்தேன், இல்லை.
பெருங்காயம், இல்லை.
தூங்குகிறவளின் தலையைக் குனிந்து பார்த்தேன்,
கண்ணாடிதான்.
திரும்ப வந்து விரலை முகர்ந்தேன்
திருடி மாதிரி
இருட்டில்
நாலைந்து தரம்.

அவரிடமும் சொல்லவில்லை.
நாளைக்குப் போய்விட்டால்?
போகவில்லை. ஐந்தாம் நாள்
தர்ஷிகாவின் சாக்ஸ் நாறியது.
சீ என்று சொல்லிவிட்டு
அதைக் கையில் வைத்துக்கொண்டே
துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தேன்.

இன்று முனிரத்னம்மா கூப்பிட்டாள்.
பூஜை அலமாரியில் ஏழெட்டு இருக்குதாம்.
டப்பாவில் புதுத்தண்ணீர் ஊற்றினேன்.
அவள் நிலைப்படி தாண்டும்முன்
ஆழ ஒரு மூச்சு இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.
உனக்கென்னம்மா, கொடுத்து வச்சவ என்றாள்
முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு.
வாயைத் திறக்க முடியாததால்
தலையை மட்டும் ஆட்டினேன்.